வாழ்த்து மடல் ஒரு ரூபாய் மட்டும்

இனிமேல் ஓசியில் ஓர் எழுத்துகூட எழுதுவதில்லை என்று நான் சபதம் செய்தது ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் வரும் நேரத்தில்.

எங்கள் ஊர் நாராயணவனம். திருமலையப்பனே வந்து பத்மாவதித் தாயாரைக் கைப்பிடித்த ஊர். அதனால் சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இங்கே வந்துதான் முடிச்சுப் போடுவார்கள். பெருமாள் தன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார் என்பது உலகத்துக்கே தெரியும். அந்தக் கடனிலிருந்து வாழ்த்துப்பா எழுதியவனுக்கு ஏதாவது கொடுத்தாரா என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். ஒரு பட்டாச்சாரியாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே ஆரம்பித்த வழக்கம் இது.

என் பெயர் கோவர்த்தனன். பகலில் நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். மற்ற நேரமெல்லாம் வாழ்த்து மடல் எழுதுகிறேன். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் புகழ்ந்து, இரண்டு பக்கத்துச் சித்தப்பா பெரியப்பா பெயர்களையும் எதுகை மோனையில் கோத்து, உரக்கப் படித்து, பிறகு கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்களே, அந்த மடல். புத்தூரிலிருந்து சத்தியவேடு வரைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் நான் தொங்குகிறேன்.

அன்றைய கல்யாணத்தில் நாயனக்காரருக்குப் பணமும் வேட்டியும் கிடைத்தன. சமையல்காரருக்குப் பணமும் துண்டும். வாழைமரம் கட்டியவருக்குக்கூட ஏதோ கொடுத்தார்கள். மடலுக்குக் கண்ணாடி போட்ட பச்சையப்பன், என் பக்கத்து வீட்டுக்காரர், மூன்று ரூபாயை என் கண் முன்னாலேயே வாங்கி மடியில் முடிந்துகொண்டார். வெளியே இருக்கும் சட்டத்துக்கு மூன்று ரூபாய். உள்ளே இருக்கும் எனக்கு ஒரு தாம்பூலப் பை. இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு தேங்காய். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர்கூட இல்லை.

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். பெண்ணின் தகப்பனார் என் இலைக்கு முன்னால் குனிந்து, "மடல் ஜோரு! ரெண்டாவது பொண்ணுக்கும் நீங்கதான் எழுதணும். உங்களுக்கு இன்னா, நாலு வரிதானே?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நாலு வரிதானே! அந்த நாலு வரிக்குள் பதினாறு சித்தப்பாக்களைச் சண்டை இல்லாமல் உட்கார வைத்தவன் நான். கல்யாணப் பந்தலில்கூட அதை யாராலும் செய்ய முடியவில்லை. ரசத்தை வேண்டாம் என்று கையால் மறித்து, சபதம் செய்துவிட்டு எழுந்தேன்.

இந்தச் சபதத்துக்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நூல் கடைச் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டில் நெய்க்குக் குறைவில்லை. வெல்லம், வேர்க்கடலை, பருப்பு, எதற்கும் குறைவில்லை. பின்கட்டில் ஒரு பசு நின்றது. ஆரம்பத்தில் ஒருமுறை என் மனைவி சுலோசனாவிடம், "இதெல்லாம் ஏது?" என்று கேட்டேன்.

"பின்கட்டுல வந்தது. துன்னுங்க" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் அண்ணன் வெங்கடரமணனுக்குப் புத்தூரில் எண்ணெய் மில் இருக்கிறது. தங்கை கஷ்டப்படக் கூடாது என்று அனுப்புகிறார். அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை. மச்சான் வீட்டு நெய் என்று நினைத்தாலே தொண்டையில் இறங்காது. இறங்காமலே மூன்று கரண்டி ஊற்றிக்கொள்வேன். அந்தப் பசுவை ஒருநாளும் அதட்டியது கிடையாது. மச்சான் வீட்டுப் பசுவாயிற்றே! வழியில் நின்றால் நான்தான் சுற்றிக்கொண்டு போவேன்.

இப்போது அந்த மச்சான் என்னை மில்லில் கணக்குப்பிள்ளையாக வரச் சொல்லிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வர முடியும். செக்குச் சத்தத்தில் காது போய்விடும். எழுத்துக்கு முழுக்கு. மாசக் கடைசியில் நேரில் வந்து பதில் கேட்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வருவதற்குள் என் பேனாவாலும் வீட்டுக்குச் சோறு வரும் என்று காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மில்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போனேன். சுலோசனா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சுலோ, இனிமே ஓசியில எழுதறதில்ல."

முறம் நின்றது.

"இன்னாத்துக்குங்க இப்போ?"

"காசு வாங்கப் போறேன்."

"காசா? எழுத்துக்கா?"

"பின்ன? பச்சையப்பன் சட்டத்துக்கு வாங்கல?"

"சட்டம் மரங்க. மரத்துக்கு வெல உண்டு. எழுத்துன்றது சரஸ்வதி. அத நீங்களே வெல பேசுவீங்களா? சாமி கண்ணக் குத்தும்."

"நாயனமும் சரஸ்வதிதான். அவருக்கு ஜரிகை வேட்டி எடுத்துக் குடுத்தாங்க. எந்த சாமி வந்து கண்ணக் குத்திச்சு?"

"அவரு மூச்சப் புடிச்சு ஊதறாரு."

"நான் மூச்சே வுடாம எழுதறேன். எழுத்துன்னா தொழிலு சுலோ. தச்சு வேல மாதிரி, தறி வேல மாதிரி. அதோட அருமை உனக்கு எங்க தெரியப் போவுது?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சரி. இன்னா வெல வெக்கப் போறீங்க?"

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

"மடலுக்கு ஒரு ரூபா."

முறம் கையிலிருந்து நழுவி, அரிசி முற்றமெல்லாம் சிதறியது.

"ஒரு ரூபாயா! வேணாங்க. சொன்னாக் கேளுங்க. வேணவே வேணாம்!"

"பயப்படாத. குடுப்பாங்க."

"அய்யோ, குடுப்பாங்கன்னுதாங்க பயமா கீது! எல்லை மனுவுக்கு?"

"எட்டணா."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பாவம், புருஷன் பேராசைக்காரனாகிவிட்டான் என்று பதறுகிறாள் என நினைத்துக்கொண்டேன். நானே ஒரு செம்பு மொண்டு கொடுத்தேன்.

எல்லை மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் இதே பேச்சுதான். எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு? விசாரிக்க அதிகாரி வருகிறார் என்று காற்றில் செய்தி வந்தால் போதும், கிராமத்துக்கு இரண்டு மனு கிளம்பும். இரண்டும் என்னிடம்தான் வரும். காலையில் மதராஸ் கட்சிக்காக, "தாயைப் பிரிந்த கன்றாகத் தவிக்கிறோம்" என்று எழுதுவேன். மாலையில் ஆந்திரா கட்சிக்காக, "கன்றைப் பிடுங்காதீர்கள்" என்று எழுதுவேன். இரண்டையும் எழுதும்போது எனக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வரும். தொழில் சுத்தம் என்றால் அதுதான்.

என் வீட்டில் மட்டும் எல்லைத் தகராறு கிடையாது. முன்கட்டு என்னுடையது. அங்கே என் மேஜை, மசிக்கூடு, நான். பின்கட்டு அவளுடையது. அங்கே அடுப்பு, பசு, கொல்லைக் கதவு. அந்தக் கதவு வழியாக யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை.

மறுநாளே பலகை தயார். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து: "வாழ்த்து மடல் ஒரு ரூபாய் மட்டும். எல்லை மனு எட்டணா." ஜன்னலுக்கு வெளியே மாட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் பாலசமுத்திரம் ரங்கையா. குத்தகை நிலத்தில் கடலை பயிரிடுகிறவர். பெரிய மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். தலையில் ஒரு கூடையோடு, கொல்லைக்குப் போகும் சந்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ரங்கையா! அந்தப் பக்கம் எங்க போற? எழுத்து வேல இங்க. பலகையப் பாரு."

அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"ஒரு... ரூபாய்... மட்டும். அவுனா, நெஜமா அய்யா? ஒர்ரூபாதானா?"

"கொறைக்க மாட்டேன்."

"கொறைக்காதீங்க, கொறைக்காதீங்க! வேற எதுவும் வேணாமா?"

"வேற எதுக்கு?"

அவர் இடமும் வலமும் பார்த்தார். மடியை அவிழ்த்தார். ஒரு ரூபாய் என் மேஜை மேல் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"ரெண்டாவது யாருக்கு?"

"சின்னவளுக்கு அய்யா."

"மாப்பிள்ள பேரு?"

"இனிமேதான் பாக்கணும். எடம் வுட்டு எழுதிடுங்க. நான் அளவு பாத்துப் புடிச்சுக்கினு வர்றேன்."

கூடையை இறக்காமலே, வந்த வழியில் ஓடாத குறையாகப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுத்தின் அருமை ஊருக்கு முதலிலிருந்தே தெரியும், நான்தான் வாய் திறந்து கேட்காமல் இருந்துவிட்டேன் என்று நினைத்தேன். அதில் பாதி சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் என் ஜன்னலில் திருவிழாக் கூட்டம். நிச்சயமான கல்யாணத்துக்கு வந்தார்கள். நிச்சயமாகாத கல்யாணத்துக்கு வந்தார்கள். தொட்டிலில் கிடக்கும் பையனுக்கு இப்போதே ஒரு மடல் வாங்கி வைத்துக்கொண்டவர் உண்டு. மதராஸ் கட்சி எட்டணா கொடுத்துச் சிரித்துக்கொண்டே போயிற்று. ஆந்திரா கட்சி எட்டணா கொடுத்து, இன்னும் பலமாகச் சிரித்துக்கொண்டு போயிற்று. இரண்டு கட்சியும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். என் கைவிரல் வீங்கியது. மசி தீர்ந்து மறுபடியும் கரைத்தேன்.

தினமும் சாயங்காலம் காசைக் கொண்டுபோய் சுலோசனா கையில் கொட்டுவேன். அவள் அதைச் சாவு வீட்டில் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்வாள்.

பிறகு சாப்பாட்டில் ஒரு மாறுதல் வந்தது. முதலில் நெய் நின்றது. வேர்க்கடலைத் துவையல் மறைந்தது. காபியில் வெல்லம் குறைந்து, குறைந்து, அப்புறம் காபியே குறைந்தது. ஒருநாள் தட்டில் கேழ்வரகுக் களியும் ஒரு பச்சை மிளகாயும் மட்டும் இருந்தன.

"நெய் எங்க?"

"வரல."

"வெல்லம்?"

"வரல."

"உங்க அண்ணன் அனுப்பலியா?"

"எங்க அண்ணனா?" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க வெச்ச ஒர்ரூபாய்க்கு இதாங்க வரும். துன்னுங்க."

அவளுக்கு வீட்டை நடத்தத் தெரியவில்லை என்று கொஞ்ச நேரம் உபதேசம் செய்தேன். விலைவாசி, சிக்கனம் எல்லாவற்றையும் தொட்டுப் பேசினேன். அவள் மிளகாயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் களி எனக்கு இனித்தது. மச்சான் வீட்டு நெய் இல்லை, என் பேனா போட்ட களி. முதல் இரண்டு வேளை அப்படித்தான் இருந்தது. மூன்றாவது வேளை களி மாதிரியே இருந்தது.

மாசக் கடைசி வந்தது. காலையிலேயே மச்சான் வண்டி வரும் என்று தெரியும். மனசு சரியில்லாமல் பச்சையப்பன் கடைக்குப் போனேன். கடை முழுவதும் என் மடல்கள் கண்ணாடிக்காகக் காத்துக் கிடந்தன. அங்கே ரங்கையாவும் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மகராசனா இருக்கணும் அய்யா. அம்மா வெச்ச வெலையில பெரியவளுக்கு ஒண்ணு வாங்கறதே பெரும்பாடு. நீங்க வந்து எறக்கி வுட்டீங்க."

"எந்த அம்மா?"

"உங்க வூட்டு அம்மாதான். மடலுக்கு ஒரு கூடை கடலை, வெல்ல உருண்டை ரெண்டு. சித்தப்பனுங்க அதிகமாப் போனா நெய் தனியா."

நான் பச்சையப்பனைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"பச்சையப்பா, இது இன்னா கத?"

"உனக்குத் தெரியாதாண்ணே? ஊருக்கே தெரியுமே! அண்ணி எல்லார்கிட்டயும் சொல்லும். 'அவரு காசக் கையால தொடமாட்டாரு, கேட்டாக்கூட கோவம் வந்துரும், அப்புறம் எழுத்தே வராது. சத்தம் போடாம பின்கட்டுல வெச்சுட்டுப் போங்க'ன்னு. நானும்தான் பத்து சட்டத்துக்கு ஒண்ணு அண்ணிக்கு ஓசியாக் குடுக்கறேன். உங்க வூட்டு சாமி படமெல்லாம் வேற எப்பிடி வந்ததுன்னு நெனச்ச?"

"எல்லை மனுவுக்கு?"

"மதராஸ் கட்சிக்கு அரிசி. ஆந்திரா கட்சிக்குத் துவரம்பருப்பு. ரெண்டையும் ஒண்ணா வேக வெச்சுத்தானே துன்னுக்கினு இருந்த?"

எல்லைக் கமிஷன் என்று ஊர் பேசியபோதெல்லாம் ஒரு கமிஷன் என் கொல்லையிலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்போ அந்தப் பசு?"

"அதுவா? ஆந்திரா பிரிஞ்சப்போ அஞ்சு ஊருக்கும் சேத்து பெரிய மனு ஒண்ணு எழுதினியே, படிச்சுட்டு தாசில்தார் ஆபீஸே அழுதுச்சாமே! அஞ்சு ஊரும் சேந்து ஒரு கன்னுக்குட்டி ஓட்டிக்கினு வந்து அண்ணிகிட்ட குடுத்தாங்க."

நான் வீட்டுக்கு நடந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் மச்சான் சோறு என்று தலையைக் குனிந்துகொண்டு தின்றதெல்லாம் என் சோறு. அந்த நெய் என் எதுகை. அந்த வெல்லம் என் மோனை. நேரே கொல்லைக்குப் போய், வழியை மறித்து நின்ற பசுவைப் பார்த்து, "ஏய், தள்ளி நில்லு!" என்று முதல்முறையாக அதட்டினேன். அது அசையவில்லை. சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே மச்சான் உட்கார்ந்திருந்தார். எதிரில் சுலோசனா.

"வாங்க மாப்பிள்ள. மில்லுக்கு எப்ப வர்றீங்க? அது கெடக்கட்டும். சுலோசனா, இன்னாம்மா இந்த மாசம் கடலையே வரல? நீ குடுப்பன்னு நம்பி செட்டியாருக்கு எண்ணெ தர்றேன்னு ஒத்துக்கினேன்."

அதாவது என் மச்சான் எனக்கு அனுப்பவில்லை. என் வீட்டுக் கடலையில் மச்சான் மில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"வரும்ணே. நடுவுல வெல சரிஞ்சுபோச்சு" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே. "அப்புறம், அவரு மில்லுக்கெல்லாம் வரமாட்டாரு. நீ வேற ஆளு பாத்துக்க."

"ஏம்மா, நல்ல சம்பளம்..."

"உன் மில்லு சம்பளம் அவரு ரெண்டு கல்யாணத்துல கொண்டாரதுக்கு ஈடாவாது. வேற பேச்சு பேசு."

என் எழுத்தைப் பற்றி யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மச்சான் கிளம்பிப் போகும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"ஏன் சுலோ, ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?"

"சந்தோஷப்பட்டிருப்பேன்."

"சந்தோஷப்பட்டு, 'அய்யோ, ஒரு மடலுக்கு ஒரு கூடை கடலையா, பாவம், கால் கூடை வாங்கு'ன்னு சொல்லியிருப்பீங்க. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

கால் கூடையே அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஊருல அல்லாருக்கும் உங்க எழுத்து அருமைன்னு தெரியும். உங்க ஒருத்தருக்குத்தாங்க தெரியாது. தெரிஞ்சவரா இருந்தா ஒர்ரூபான்னு பலகை போடுவீங்களா? அன்னைக்கு அரிசியே கொட்டிப்போச்சு எனக்கு."

"எழுத்து சரஸ்வதி, விக்கக் கூடாதுன்னியே?"

"நீங்க விக்கக் கூடாதுன்னேன்."

நாளைக்கே பழைய ஏற்பாடு திரும்ப வேண்டும் என்றாள். இத்தனை நாள் நஷ்டத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் ஏற்றப் போவதாகவும் சொன்னாள். ஜன்னலில் இருந்த பலகையைக் கழற்றி, துடைத்து, என் மடியில் வைத்தாள்.

"நான் சொல்றத எழுதுங்க."

அவள் சொன்னாள். நான் எழுதினேன்.

"இங்கே எழுத்து விற்பனைக்கு இல்லை.
விவரத்துக்குப் பின்கட்டுக்கு வரவும்."

எழுதி முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வரும்படி உள்ள எழுத்தை நான் எழுதியதில்லை. முதல் வரியில் மானம் இருந்தது. இரண்டாவது வரியில் நெய் இருந்தது. ஓரத்தில் பூவேலை செய்து, எழுத்துக்கு நிழல் கொடுத்து, ஒரு பொழுது முழுவதும் இழைத்தேன். புத்தியும் வந்துவிட்டதல்லவா? இனிமேல் வீட்டுக்குள்ளேயும் விலையை விடக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

"சரி சுலோ, இத எழுதினதுக்கு எனக்கு இன்னா குடுக்கப் போற?"

அவள் பலகையை வாங்கி ஜன்னலில் மாட்டிவிட்டு, கோணல் இல்லாமல் சரிசெய்தாள்.

"இதுக்குமாங்க? ரெண்டு வரிதானே?"